கை நுழையாத பாத்திரம்: ஈரக்காற்று மெஷின் பற்றி விளாத்திகுளம் பிள்ளைகளுக்கு

1

நேற்று கடையில் ஒரு அம்மாவுக்கு இட்லிக் கொப்பரை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தபோது கார்த்திகா அனுப்பிய படம் போனுக்கு வந்தது. வெள்ளை உருண்டை ஒன்று, உச்சந்தலையிலிருந்து புகை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வீட்டில் ஏசி மாட்டியாயிற்று, அது ஓடினால் தம்பி சுரேஷுக்கு மூக்கு காய்ந்து ரத்தம் எட்டிப் பார்க்கிறது, இந்த ஹியூமிடிஃபையர் வாங்கலாமா, எதைப் பார்த்து வாங்க வேண்டும், உங்கள் வீட்டில்தான் இருந்ததே சித்தப்பா என்று கீழே எழுதியிருந்தாள்.

இருந்தது. இப்போதும் பரணில் இருக்கிறது. அந்த உருண்டையால்தான் போன வருஷம் என் மகள் அபி உங்கள் வீட்டுக்கு வந்து தங்கி, உங்கள் பள்ளிக்கூடத்தில் படிக்க வேண்டிய நிலைமை வந்தது. நீங்கள் இரண்டு பேரும் நடு அறையில் அவளுக்குக் கட்டில்கூட ஒதுக்கிப் போட்டீர்கள். பிறகு அவள் வரவில்லை. ஏன் வரவில்லை என்று பெரியவர்கள் நாங்கள் உங்களுக்குச் சரியாகச் சொல்லவே இல்லை. அதைச் சொல்லிவிட்டு மெஷினுக்கு வருகிறேன்.

நான் பத்தாவது வரை படித்தவன், சாலை பஜாரில் பாத்திரம் விற்கிறவன். கண்ணால் கண்டதையும் டாக்டர் சொன்னதையும்தான் எழுதுகிறேன். இதையும் அப்படியே நம்பிவிடாமல் சுரேஷை ஒரு டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். மூக்கில் ரத்தம் வந்தால் காய்ந்த காற்றுதான் காரணம் என்று நாமாக முடிவு கட்டக் கூடாது. நாங்கள் அப்படி முடிவு கட்டித்தான் கெட்டோம்.

2

நம் ஊரிலிருந்து திருவனந்தபுரம் ரயிலில் ஒரு பகல் தூரம்தான். ஆனாலும் எனக்கு இது வெளிதேசம்தான். ரேஷன் கார்டு, கரண்டு பில், பஸ் போர்டு எல்லாம் வேறு எழுத்தில் இருக்கிற ஊரை வேறு எப்படிச் சொல்வது? இங்கேயே பிறந்த அபிதான் எனக்குப் பஸ் போர்டு படித்துச் சொல்கிறாள். தமிழ் அவளுக்குப் பேச்சில் மட்டும்தான், அதிலும் பாதி மலையாளம்.

எழுத்தைவிட வித்தியாசமானது இந்த ஊர்க் காற்று. துவைத்த சட்டை எத்தனை நேரம் கொடியில் கிடந்தாலும் கக்கத்தில் ஈரம் நிற்கும். ஜாடியில் உப்பு கசியும். பீரோவில் வைத்த பெல்ட்டை எடுத்தால் பச்சையாகப் பூத்திருக்கும். கடையில் மற்றவர்கள் இதற்கெல்லாம் அலுத்துக்கொள்வார்கள். நான் அலுத்துக்கொண்டதில்லை.

நம் ஊர்ச் சித்திரை மாதத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கரிசல் வெடித்துக் கிடக்கும், அனல் காற்று வீட்டுக்குள் புகுந்து உதட்டுத் தோலை உரிக்கும். சின்ன வயதில் உங்கள் அப்பாவும் நானும் துண்டை நனைத்து ஜன்னலில் கட்டுவோம், தரையில் தண்ணீர் தெளித்துப் படுப்போம். காய்ச்சல் வந்தாலும் ஈரத் துணி, கண் எரிந்தாலும் ஈரத் துணி. ஈரம் என்றால் நல்லது என்று உடம்போடு பழகிப்போன ஆட்கள் நாம். ஈரம் கூடிப்போய் ஒரு கெடுதல் வரும் என்று நம் ஊரில் யாருக்கும் நினைக்கத் தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை.

3

கரமனையில் ஆற்றுக்குப் பக்கத்துத் தெருவில் மாடியில் இருக்கிறோம். தலைக்கு மேலே மொட்டை மாடி, வெயில் முழுக்க எங்கள் அறைக்குத்தான். போன கோடையில் பழைய ஏசி ஒன்று வாங்கி மாட்டினோம். அந்தக் காற்றில் படுத்த அபிக்குத் தொண்டை வறண்டு லேசாக இருமல் தொட்டது. உங்கள் செல்விச் சித்தி அதைத் தன் அண்ணனிடம் போனில் சொல்லிவிட்டாள். அவர் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறவர். லீவுக்கு வந்தபோது இந்த மெஷினோடு வந்து இறங்கினார். அங்கே பாலைவனக் காற்றும் ஏசியுமாக இருப்பதால் பல வீட்டில் இது உண்டாம்.

பாத்திரக் கடைக்காரன் எதை வாங்கினாலும் முதலில் கவிழ்த்துப் பார்ப்பான், பிறகு உள்ளே கையை விட்டுப் பார்ப்பான். கை நுழையாத பாத்திரத்தை எப்படி விளக்குவது? இதன் தண்ணீர்த் தொட்டியில் எனக்கு இரண்டு விரல்தான் நுழைந்தது.

"மச்சான், இத எப்படிக் கழுவுறது?" என்றேன்.

"கழுவ என்ன இருக்கு மாப்ள? தண்ணிதான ஊத்துறோம்" என்றார்.

எங்கள் கடையில் இப்படிப் பேசினால் ஒரு தூக்குவாளிகூட விற்காது. அடுத்து, புகைக்கு நேராகக் கையை நீட்டினேன். சுடவில்லை. சுடாத புகை எங்கிருந்து வருகிறது, உள்ளே ஏதாவது மருந்து வைத்திருக்கிறார்களா என்று கேட்டேன். மருந்தும் இல்லை, புகையும் இல்லை, உள்ளே ஒரு தகடு அதிர்ந்து தண்ணீரைத் தூளாக அடித்து வெளியே தள்ளுகிறது என்றார். தகடு அதிர்ந்தால் சத்தம் கேட்க வேண்டாமா என்றேன். காதுக்குக் கேட்காத சத்தம் என்று சொல்லிச் சிரித்தார். கேட்காத சத்தத்தையும் சுடாத புகையையும் ஒரே நாளில் நம்பச் சொன்னால் நான் என்ன செய்வேன்?

"எங்க அண்ணன் கொண்டாந்ததுன்னா மட்டும் உங்களுக்குக் கண்ணு சுருங்கிரும்" என்றாள் சித்தி.

எனக்கு அந்த மெஷின் மேல் நம்பிக்கை வரவில்லை. சித்தி கண்ணயர்ந்ததும் எழுந்து மெஷினை அணைத்துவிடுவேன். பிள்ளைக்குத் தொண்டை காயக் கூடாதே என்று நம் ஊர்ப் பழக்கத்தில் ஒரு துண்டை நனைத்து ஃபேனுக்குக் கீழே கொடி கட்டிப் போட்டுவிடுவேன். சித்திக்கு முழிப்புத் தட்டினால் மெஷின் நின்றிருப்பதைப் பார்த்து மறுபடி போட்டுவிடுவாள். கரண்டு பில்லுக்குப் பயந்து, அறை குளிர்ந்ததும் ஏசியை நிறுத்திவிடுவோம். ஜன்னல் மட்டும் சாத்தியபடியே இருக்கும். பிறகு மழைக்காலம் வந்தது. ஏசிக்கு வேலையே இல்லாமல் போனது. மெஷினும் துண்டும் மட்டும் ஓயவில்லை.

4

ஆடி முடிகிற நேரத்தில் இருமல் இழுப்பாக மாறியது. மாடிப்படி ஏறி வந்தால் அபியின் நெஞ்சில் விசில் மாதிரி ஒரு சத்தம். பக்கத்து க்ளினிக்கில் கொடுத்த மருந்துக்குக் குறையும், பிறகு திரும்ப வரும்.

நான் ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டேன். ஸ்கூல் வேனின் டீசல் புகையைச் சந்தேகப்பட்டேன். கொசுவத்தியைச் சந்தேகப்பட்டேன். மருந்துக் கடையில் மாற்றிக் கொடுத்துவிட்டார்களோ என்று சீட்டையும் பாட்டிலையும் அபியிடம் கொடுத்து எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொன்னேன். சித்தி வாடகை வீட்டுச் சுவரைச் சந்தேகப்பட்டாள். உங்கள் அப்பாவோ ஒட்டுமொத்தமாக ஊரையே சந்தேகப்பட்டார்.

"ஏல, அந்த நசநசத்த ஊர்ல பிள்ளைய வச்சிக்கிட்டு என்னல செய்யப் போற? இங்க கொண்டாந்து விடு. காஞ்ச காத்து, இருமல் ஓடியே போயிரும். தமிழும் படிச்ச மாதிரி ஆச்சு" என்றார்.

கடைசியில் சொன்ன தமிழும் என்னை இழுத்தது, மறைக்காமல் சொல்கிறேன். இங்கே பிள்ளைகள் நம் கையை விட்டு நழுவுவது சத்தமில்லாமல் நடக்கும். அபி கனவில் பேசுவது மலையாளம்தான். உங்கள் அப்பாவோடு போனில் பேச உட்கார்ந்தால், பாதி வார்த்தைக்கு என்னைத் திரும்பிப் பார்ப்பாள். இங்கே அஞ்சாம் வகுப்பில் இருந்த பிள்ளை அங்கே போனால் தமிழ் எழுத்துக்கு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடுதான் உட்கார வேண்டும். ஆனாலும் மூச்சை நினைத்து ஒத்துக்கொண்டோம்.

"எனக்கு அங்க போகண்டா அப்பா. அங்க எனக்கு யாரையும் அறியில்ல" என்றாள் அபி. ஒரு தடவைதான் சொன்னாள். தன் கலர் பென்சில்களை வகுப்பில் ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாள் என்று பிறகு தெரிந்தது.

டிசி கேட்டு ஸ்கூல் ஆபீசுக்குப் போனேன். ஆதாரில் என் பெயர் ஒரு விதமாகவும் ஸ்கூலில் வேறு விதமாகவும் இருந்ததால், இது ரெண்டும் ஒரே ஆள்தானா என்று அந்த ஆபீஸ் மேடம் என் முகத்தையே பார்த்தார். அவர் கேட்டது நியாயம்தான், நானும் கடையில் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறவன்தானே. டிசி கையில் வாங்கிவிட்டால் சீட் வேறு பிள்ளைக்குப் போய்விடும், பிறகு வந்து கேட்டால் உறுதி சொல்ல முடியாது என்று மலையாளத்தில் மெதுவாக, எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். ஓண லீவு முடிந்து வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

5

அனுப்புவதற்கு முன்னால் பிள்ளையை எங்கேயாவது கூட்டிப் போவோம் என்று அந்த லீவில் பொன்முடி மலைக்குப் போனோம். அடிவாரத்துக் கல்லாற்றில் டீ குடிக்கும்வரை வெயில் அடித்தது. வளைவு ஏற ஏற மூடுபனி பஸ் ஜன்னலுக்குள்ளேயே வந்துவிட்டது. இது அதே குளிர்ந்த புகைதான், மலை அளவுக்கு. சித்தி பையிலிருந்து மருந்தை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

பஸ் நின்றதும் அபி இறங்கி பனிக்குள் ஓடிவிட்டாள். ஆளைக் காணோம், குரல்தான் வந்தது. "அப்பா, நோக்கு, நம்ம மெஷின் மாதிரி" என்று கத்தினாள். நான் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருமல் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வரவில்லை. ஓடினாள், மேட்டில் ஏறினாள், புல்லில் உட்கார்ந்து புளிச்சாதம் தின்றாள். இறங்கும்போது பஸ்ஸில் என் மடியில் தூங்கினாள். நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தேன். விசில் இல்லை.

மறுநாள் காலையில் எங்கள் அறையில் எழுந்தபோது இருந்தது.

நான் அன்றைக்குக் கடைக்குப் போகவில்லை. ஊர் ஈரக் காற்றுதான் அவளைப் பிடிக்கிறது என்றால், அந்தப் பனியில் மூச்சு திணறிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அல்லவா நான் மலையிறங்கியிருக்க வேண்டும்? பனி விட்டுவிட்டது, அறை பிடித்துக்கொண்டது. அப்படியானால் நாங்கள் பிள்ளையை அனுப்பப் போவது எதற்காக?

6

அபியைக் கூடத்தில் படுக்க வைத்துவிட்டு அறையைக் குடைந்தேன். பீரோவை நகர்த்தினால் பின்பக்கச் சுவர் முழுக்கக் கறுப்புப் புள்ளி, தொட்டால் பிசுபிசுப்பு. மெத்தைக்கு அடியில் கை வைத்தால் ஜில்லென்று இருந்தது. அதுகூடப் பரவாயில்லை. மெஷினுக்குப் பக்கத்துச் சுவரிலும் அபியின் வெள்ளைத் தலையணை உறையிலும் வெளுத்த சிவப்பில் ஏதோ படிந்திருந்தது. விரலால் துடைத்தால் விரலில் ஒட்டியது.

பிள்ளை ரத்தமாக இருமுகிறாளோ என்று எனக்குத் தோன்றிவிட்டது. சித்தியிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. உறையைக் கழற்றிச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு, நெஞ்சு நோய்க்குப் பார்க்கிற பெரிய டாக்டர் ஒருவரிடம் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டர் அபியின் முதுகில் குழாய் வைத்துக் கேட்டார். படுக்கிற அறையில் என்னென்ன இருக்கிறது என்று விசாரித்தார். சித்தி மெஷினைச் சொன்னாள். நான் அப்போதுதான் உறையை எடுத்து மேஜையில் வைத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மெஷினில் என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்று கேட்டார்.

"பைப் தண்ணியெல்லாம் ஊத்த மாட்டேன் சார். காய்ச்சி, ஆத்தி, வடிகட்டி, நாங்க குடிக்கிற தண்ணிதான்" என்றாள் சித்தி பெருமையாக.

"பதிமுகம் இட்டதோ?"

"ஆமா சார். உடம்புக்கு நல்லதுதானே?"

பிள்ளைகளே, உங்களுக்குத் தெரியாது. பதிமுகம் என்பது ஒரு மரச்சீவல். இங்கே அதைப் போட்டுக் காய்ச்சித்தான் பல வீட்டில் குடிப்பார்கள், தண்ணீர் இளஞ்சிவப்பாக இருக்கும். கல்யாணமாகி வந்த புதிதில் அதைப் பார்த்து முகம் சுளித்தவள் சித்தி. இப்போது அது இல்லாமல் அவளுக்குத் தண்ணீர் இறங்காது. பைப் தண்ணீர் மேல் சந்தேகப்பட்டு அதையே மெஷினிலும் ஊற்றியிருக்கிறாள். மெஷின் அந்தச் சாயத்தையும் சேர்த்துத் தூளாக்கி என் பிள்ளையின் முகத்தில் ஊதியிருக்கிறது. உறையைப் பார்த்ததும் அவளுக்கே தெரிந்துவிட்டது. அடுப்படித் துணியில் தினமும் அவள் அலசுகிற கறைதான் அது.

எனக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சோடு அவளைப் பார்த்து, "குடிக்கிறதப் போயி" என்று ஆரம்பித்தேன். அபி குறுக்கே புகுந்துவிட்டாள்.

"அப்பாவும்தான் டாக்டர். அம்மா மெஷின் ஓன் ஆக்கும், அப்பா ஓஃப் ஆக்கும், பின்னே நனஞ்ச துண்டு தூக்கி இடும்."

சித்தி மெதுவாகத் திரும்பினாள். "ஓஹோ. நீங்கதானா அது? மெஷின் தானா நின்னு போகுதுன்னு நான் அண்ணனுக்குப் போன் போட்டு, அவரு அங்க கடைக்காரன்கிட்ட சண்டையே போட்டாரு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அவருக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "நிங்கள் ரெண்டு பேரும் கூடி வீட்டுக்குள்ள மழக்காலம் உண்டாக்கி. பாவம் குட்டி."

பிறகு சிரிக்காமல் விளக்கினார். இந்த ஊரில் மழை மாதத்தில் காற்றில் ஏற்கெனவே வேண்டிய அளவுக்கு மேல் ஈரம் இருக்கிறது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு அதற்கு மேல் ஈரம் ஏற்றினால் சுவரிலும் மெத்தையிலும் பூஞ்சை வளரும். கழுவாத தொட்டியில் கிருமி வளரும், மெஷின் அதையும் காற்றில் கலந்துவிடும். இழுப்பு இருக்கிற பிள்ளைக்கு இது போதும். ஏசி காற்றில் வறண்ட தொண்டைக்கு முதலிலேயே இவ்வளவு ஈரம் தேவைப்பட்டிருக்காது என்றார். மருந்து எழுதினார். மெஷின், ஈரத் துண்டு இரண்டையும் நிறுத்தச் சொன்னார். ஒரு சின்ன ஈரப்பத மீட்டர் வாங்கி மாட்டி, அதைப் பார்த்துப் பழகச் சொன்னார்.

7

சுவரைச் சுரண்டி வெள்ளையடித்தோம், மெத்தையை வெயில் கண்ட நேரமெல்லாம் மாடியில் போட்டோம். இழுப்பு ஒரே நாளில் போய்விடவில்லை. ஆனால் ஸ்கூல் திறந்த அன்று அபி மாடிப்படி ஏறி வந்து, மூச்சு வாங்காமல் பசிக்குது என்றாள்.

மறுநாள் டிசி வேண்டாம் என்று சொல்லப் போனேன். ஆபீஸ் மேடத்துக்குக் கோபம், சேட்டன் ஆத்யம் ஒரு தீருமானம் எடுக்கு என்றார், முதலில் ஒரு முடிவுக்கு வா என்று. எழுதித் தரச் சொன்னார். எனக்கு மலையாளம் எழுத வராது. அபியே எழுதினாள், என் மகள் இங்கேயே படிக்கட்டும் என்று அப்பா சொல்வது போல. கீழே நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன். மேடம் அதையும் சந்தேகமாகப் பார்த்தார், பிறகு வாங்கிக்கொண்டார். தமிழ் எழுத்தை ஞாயிற்றுக்கிழமை நானே சொல்லிக் கொடுக்கிறேன். அது போகிற வேகம் வேறு கதை.

8

இனி உங்கள் மெஷின்.

முதலில் அதை வாங்காதீர்கள், மீட்டரைப் பாருங்கள். ஏசி ஓடும்போது அறையில் ஈரப்பதம் முப்பது சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மெஷினுக்கு வேலை உண்டு. நாற்பது, ஐம்பதுக்குள் நின்றால் அது போதும் என்றார் டாக்டர். அறுபதைத் தொட்டால் அணைத்துவிட வேண்டும். ஜன்னல் கண்ணாடி வியர்த்தாலும், சுவர் ஈரமாகத் தெரிந்தாலும், நம்பர் என்ன காட்டினாலும் அணையுங்கள். நான் மீட்டரையும் முதலில் நம்பவில்லை. ஆள் குளித்து வந்த பாத்ரூமில் வைத்தேன், ஏறியது. ஏசிக்கு எதிரே வைத்தேன், இறங்கியது. பிறகுதான் மாட்டினேன்.

வாங்குவதாக இருந்தால் கடையில் மூடியைத் திறந்து கையை உள்ளே விடச் சொல்லுங்கள் உங்கள் அம்மாவை. கார்த்திகாவின் கை சின்னது, அது போதாது. அடிவரை தேய்க்க முடிந்தால்தான் வாங்க வேண்டும். கொதி ஆவி விடுகிற வகையும் இருக்கிறது. சுரேஷ் இருக்கிற வீட்டில் அது வேண்டாம். அவன் எதையாவது தட்டிவிடாத நாள் உண்டா?

நம் ஊர் உப்புத் தண்ணீரை ஊற்றினால் வீடெல்லாம் வெள்ளைப் பொடி படியும். காய்ச்சினால் கிருமிதான் சாகும், உப்பு போகாது. டிஸ்டில்டு வாட்டர்தான் நல்லது. அதற்காகச் சுரேஷ் மெக்கானிக் ஷெட்டில் போய் பேட்டரித் தண்ணீர் வாங்கி வந்துவிடக் கூடாது, மெடிக்கல் கடையில் கேளுங்கள். சீரகம், துளசி, தைலம், பாம் எதுவும் உள்ளே போகக் கூடாது. ஆவி பிடிக்கிற சட்டி வேறு, இது வேறு.

மிச்சத் தண்ணீரைத் தினமும் கொட்டி, துடைத்து, காய வைத்துத்தான் மறுபடி ஊற்ற வேண்டும். மூன்று நாளைக்கு ஒருமுறை வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்து, வாடை போகும்வரை அலசுங்கள். கை வைப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்குங்கள். முகத்துக்கு நேரே வேண்டாம், சுவரோடும் ஸ்விட்ச் போர்டோடும் ஒட்டியும் வேண்டாம், தள்ளி ஒரு ஸ்டூலில் வையுங்கள். அதன் பிறகு யாருக்காவது இருமல் தொட்டால் முதலில் மெஷினைச் சந்தேகப்படுங்கள். பிறகு ஆளுக்கு ஆள் ரகசியமாக என்ன செய்கிறீர்கள் என்று ஒருவரை ஒருவர் கேளுங்கள்.

எங்கள் மெஷினை அனுப்ப மாட்டேன். அது கை நுழையாதது. ஷார்ஜாவிலிருந்து போன் வந்தால் சித்தி இன்னும், "நல்லா ஓடுதுண்ணே" என்கிறாள். உங்களிடம் கேட்டாலும் அப்படியே சொல்லுங்கள்.

மீட்டரை அனுப்புகிறேன். கடைக்குச் சரக்கு கொண்டுவருகிற வேன் சனிக்கிழமை கோவில்பட்டி திரும்புகிறது, டிரைவரிடம் கொடுத்துவிடுகிறேன். எங்களுக்கு அளவு பழகிவிட்டது, கொஞ்ச நாள் அது இல்லாமலும் சமாளிப்போம். அபிக்காக ஒதுக்கிய கட்டிலில் இப்போது சுரேஷ்தான் படுக்கிறான் என்று கேள்விப்பட்டேன். அதன் தலைமாட்டில் மாட்டுங்கள்.

மீட்டரின் பின்பக்கத்தில் ஏதோ எழுதியிருக்கிறதே என்று பார்க்காதீர்கள். மலையாளத்தில் அபியின் பெயர். சுரேஷ் தன்னுடையது என்று வைத்துக்கொள்வான் என்று அவளுக்குச் சந்தேகம். பரீட்சை லீவுக்கு அங்கே வருவாளாம். லீவு முடிந்ததும் அதை ஆணியிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு கரமனைக்குத் திரும்பிவிடுவாளாம்.